அன்பழகன் அண்ணனின் எட்டாவது பாட்டு

போன மாதம் ஒரு காலை, தஞ்சாவூரில் என் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாப் பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மலர்க்கொடி அண்ணி கூப்பிட்டார். "தம்பி, அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். சம்பா அறுவடைக்குச் சீர்காழிப் பக்கம் போயிருந்த அன்பழகன் அண்ணன், மெஷினை நிறுத்திவிட்டு இறங்கியவர், வரப்பில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி. ஐம்பத்து நான்கு வயது.

நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். பதினோரு வருடம் வளைகுடாவில் கிரேன் ஓட்டியபோது, அறையில் உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரரிடம் கிட்டாரும் அமெரிக்கக் கிராமத்துப் பாட்டான கண்ட்ரி இசையும் கற்றுக்கொண்டு திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பினார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்த மெட்டில் தமிழில் பாட்டுக் கட்டி, ஆல்பம் போட என்னிடம் வந்தார். நம் ஊரில் எடுபடுமா என்று கேட்டேன். "அவங்களுக்கு லாரி, ரோடு, வீட்டு ஞாபகம். நமக்கு மெஷினு, வாய்க்கா, வீட்டு ஞாபகம். என்ன பெரிய வித்தியாசம்?" என்றார்.

மழை பெய்து மெஷின் நிற்கும் நாட்களில் கிட்டாரோடு பஸ் ஏறி வருவார். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வராததைப் பற்றிய பாட்டில், குரலை இன்னும் ஏற்றிப் பாடச் சொன்னேன். மறுத்துவிட்டார். "தண்ணி வரலன்னு சொல்றவன் கத்த மாட்டான் தம்பி. சொல்லிச் சொல்லிக் கொரலு எறங்கியிருக்கும்." அவர் பாடியபடியே விட்டோம். அந்த ஆல்பத்தில் நான் செய்த நல்ல காரியம் அது.

எட்டாவது பாட்டு, அவர் வெளிநாட்டில் இருந்தபோது நிலத்தையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்ட அண்ணியைப் பற்றியது. பாதி அவர் பாட, பாதி அண்ணி பாட வேண்டும். அண்ணி நடவு வேலையை முடித்துக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே அறையில், ஆளுக்கொரு மைக்கில், ஒரே மூச்சில் பாடி முடித்தார்கள். இரண்டு இடத்தில் அண்ணிக்குச் சுருதி விலகியது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம், யாரிடமும் சொல்லாமல், மேடைக் கச்சேரி பாடும் ஒரு பெண்ணை வரவழைத்து அந்தப் பாதியைப் பாட வைத்தேன். அண்ணியின் பதிவை அழித்துவிட்டேன்.

வெளியீடு திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எட்டாவது பாட்டு ஒலித்தபோது அண்ணி சொந்தக்காரர்களுக்கு நடுவே, புதுப்புடவையில், முன்வரிசையில் இருந்தார். அந்தப் பெண்ணின் குரல் வந்ததும் பக்கத்திலிருந்தவர்கள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் கைதட்டினார்.

அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மற்ற ஏழு பாட்டுகளையும் பெரிதாக யாரும் கேட்கவில்லை. எட்டாவது மட்டும் ஓடியது. கல்யாண வீடியோக்களில் அதைச் சேர்த்தார்கள். பெண்குரல் அருமை என்று எழுதினார்கள். கோயில் திருவிழாக்களுக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். போனார், ஏழு பாட்டைப் பாடினார். எட்டாவதைப் பாடச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். கூப்பிடுவதும் குறைந்துபோனது. நானும் அவர் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்து கிளம்பும்போது அண்ணி கேட்டார். "அன்னிக்கு நான் பாடுனது உங்ககிட்ட இருக்குதா தம்பி?" அழித்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். "சரி விடுங்க. நான் என்ன பாட்டுக்காரியா" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று கூடத்துக்கு வந்து, அண்ணனின் மைக்கில் பதிவானதை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன். அவர் பாடி நிறுத்தும் இடங்களில், ஏதோ அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல மெல்லிதாக அண்ணியின் குரல் கேட்டது. ஒரே அறையில் பாடியதால் அண்ணன் மைக்கிலும் அது விழுந்திருக்கிறது. இத்தனை நாள் நான் தேடிப் பார்க்கக்கூட இல்லை. பாட்டு முடிந்த பிறகு அண்ணன் சொல்கிறார்: "மலரு, நல்லா பாடுன. தண்ணி குடி."

மறுநாள் அந்தப் பதிவை அண்ணியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி இரண்டு முறை கேட்டார். பிறகு, "இத வெளிய போடாதீங்க" என்றார். போட மாட்டேன். அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நான்கு நிமிடப் பதிவும், கல்யாண மண்டபத்தில் அவர் கேட்ட கேள்வியும். இரண்டையும் வைத்திருக்கிறேன்.