பரணில் ஒரு பிக்காசு

எம்எல்ஏவின் பிக்காசை நான் திருடவில்லை. அவருடைய ஆட்கள் அதை என் வீட்டுக் காம்பவுண்டு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோனார்கள். நான் எடுத்து உள்ளே வைத்தேன். கேட்டு வந்தபோது கொடுக்கவில்லை. இதற்கும் திருட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் வாதம். இல்லை என்பது மிஸ்ஸின் வாதம். ஆனால் அந்தப் பிக்காசைத் தன் வீட்டுப் பரணில், கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கும் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது அதே மிஸ்தான்.

மிஸ் என் எதிர்வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்து மிஸ் என்று கூப்பிடப் பழகியவர்கள். அவர் கணவர்கூட வீட்டுக்குள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். நான் அண்ணன் என்று அழைக்கும் அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், பதிந்தால்தான் நிற்கப் பழக முடியும், நாள் தள்ளத் தள்ளக் கால் மறந்துபோகும் என்று.

அண்ணனின் பாதம் தரையைத் தொடவில்லை. காரணம், அவர் கட்டிலின் நான்கு காலுக்கும் அடியில் சிமெண்டுக் கல் வைத்திருந்தார்கள். எங்கள் தெரு சரிவான தெரு. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் இறங்கி வந்து, கடைசி வீடான மிஸ் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, பிறகு கேட்காமல் உள்ளே போகும். தெருவோரம் ஓடுகிற மோரி, அதாவது சாக்கடைக் கால்வாய், எந்தக் காலத்திலோ கட்டியது. பாதி இடத்தில் இடிந்து கிடந்தது. மழை சொல்லிக்கொண்டா வருகிறது? வந்த பிறகு அண்ணனோடு சேர்த்துக் கட்டிலைத் தூக்க மிஸ்ஸால் ஆகாது. அதனால் கட்டில் எப்போதும் உயரத்திலேயே இருந்தது. முக்காலி போட்டுப் பார்த்தோம். அது வழுக்கி, அண்ணனையும் கூட்டிக்கொண்டு விழப் பார்த்தது.

மோரியைப் புதிதாகக் கட்டினால் தீர்ந்தது. யாரிடம் கேட்பது? எங்கள் வார்டுக்குக் கார்ப்பரேட்டர் கிடையாது. மாநகராட்சித் தேர்தல் நடந்தே பல வருஷம் ஆகிறது. மாஜி கார்ப்பரேட்டர் உண்டு. அவர் பிறந்தநாளுக்கு மட்டும் பேனரில் வந்து எங்களை வாழ்த்திவிட்டுப் போவார். செல்போன் செயலியில் புகார் போட்டேன். மறுநாளே 'தீர்க்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மோரி அதை இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது, அப்படியேதான் கிடந்தது.

மிச்சம் இருந்தவர் எம்எல்ஏ ஒருவர்தான். அவரைக் குறை சொல்ல முடியாது, பூஜைக்குக் கூப்பிட்டால் உடனே வருவார். நாம் பூமி பூஜை என்பதை இங்கே குத்தலி பூஜை என்பார்கள். குத்தலி என்றால் பிக்காசுதான். எங்கள் மோரிக்கு ஒரு பூஜை தேர்தலுக்கு முன்னால் நடந்தது. ஜெயித்த பிறகு இரண்டாவது நடந்தது. ஷாமியானா, மைக், வாழைக்கன்று, ஆளுக்கொரு தட்டு கேசரிபாத். தார் ரோட்டில் எம்எல்ஏவின் கை நோகக்கூடாது என்று ஒரு வண்டி மண்ணைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். அவர் அந்த மண்ணைப் பிக்காசால் மூன்று தட்டுத் தட்டினார், போட்டோவுக்காக மூன்றாவது தட்டில் அப்படியே உறைந்து நின்றார். பிறகு மிஸ்ஸைப் பார்த்துத் தமிழில் "நல்லா இருக்கீங்களா அம்மா?" என்றார். மிஸ், மழைக்கு முன்னால் வேலை முடியுமா என்று கேட்டார். "ஆகுத்தே அம்மா, ஆகுத்தே" என்று கன்னடத்துக்கு மாறிக்கொண்டார். ஆகும், ஆகும். எப்போது என்பதை அந்த வார்த்தை ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மண் இருந்தது, வாழைக்கன்று இருந்தது, பிக்காசும் இருந்தது.

சாயங்காலமே ஒருவர் அதைத் தேடி வந்தார். வெள்ளைச்சட்டை, கையில் தடித்த காப்பு, வயது ஐம்பது இருக்கும். எம்எல்ஏவோடு எப்போதும் பிக்காசைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்.

"அக்கா, நம்ம பிக்காசு இங்க கீதா?"

"இருக்கு. எதுக்கு இவ்ளோ அவசரம்? கடையில வேற வாங்கிக்கலாமே."

"ஐயோ, அது சாரோட ராசிக்கா! மொதல் தபா எலக்சன்ல நிக்கறப்போ குலதெய்வம் கோயில்ல பூஜை போட்டுக் குடுத்தது. அது இல்லாம சார் ஒரு பூஜையும் பண்ண மாட்டாரு."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். உள்ளே போய் அந்தப் பிக்காசை நன்றாகப் பார்த்தேன். வார்னிஷ் அடித்த கைப்பிடி, பித்தளைப் பூண், வெள்ளி மாதிரிப் பளபளக்கும் முனை. எத்தனை தெருவுக்குப் போய்வந்த பிக்காசு, உடம்பில் ஒரு கீறல் இல்லை. எனக்கு வந்ததே கோபம். வெளியே வந்தேன்.

"பூஜை போட்டாச்சு, இனிமே வேலை ஆரம்பிக்கணும் இல்லையா? வெட்டறதுக்குப் பிக்காசு வேணுமே. அதனால இங்கயே இருக்கட்டும். மோரி வேலை முடிஞ்சதும் வந்து எடுத்துட்டுப் போங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

அன்றிலிருந்து அவர் வராத வாரம் இல்லை. "பேஜார் பண்ணாதீங்கக்கா, சார் என்ன வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு" என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது, காபி போட்டுக் கொடுத்தேன், பிக்காசைக் கொடுக்கவில்லை. அவர் கண் என் வீட்டை மூலை மூலையாகத் துழாவியதால்தான் அதை மிஸ் வீட்டுப் பரணுக்கு மாற்றினேன். மிஸ் நடுங்கிப்போனார். "போலீஸ் வந்தா நான் பொய் சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதற்காகத் தனியாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டாராம். என் பெயரையும் சேர்த்துக்கொண்டாரா என்று கேட்டேன். உன் பேர்தான் முதல்ல என்றார்.

பிறகு எம்எல்ஏவின் பி.ஏ. போன் செய்தார். தெருவுக்குச் சிமெண்டு பெஞ்சு போட்டுத் தரட்டுமா, பெண்கள் தினத்தில் மேடையில் எனக்குச் சால்வை போடட்டுமா என்று அடுக்கினார். மோரி போடுங்கள் என்றேன். "நோடோண மேடம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். நானும் நோடோண என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாரமே ஒரு இன்ஜினியர் டேப்போடு வந்து மோரியை அளந்துகொண்டு போனார். இரண்டு பூஜைக்கும் வராத டேப், ஒரு பிக்காசுக்கு வந்தது.

அப்புறம்தான் மே மாதத்து மழை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் தெரு ஆறாகிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து மிஸ் என்னைக் கூப்பிட்ட குரலில் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஹாலில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், கறுப்பாக, நாற்றத்தோடு. அண்ணன் உயரத்தில் படுத்தபடி இடதுகையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருபக்கத்துச் சிமெண்டுக் கல் அசைந்தது.

இதற்கு முன் ஒருபோதும் தண்ணீர் இவ்வளவு வேகமாக ஏறியதில்லை. வெளியே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மோரியின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது பூஜைக்குக் கொட்டிய மண். யாரும் வாரிக்கொண்டு போகாத மண் சரிவில் இறங்கி, வாழைக்கன்றையும் இழுத்துக்கொண்டு போய், இடிந்து கிடந்த பலகைக்கல்லின் அடியில் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. எம்எல்ஏ எங்கள் மோரிக்குச் செய்த ஒரே வேலை அதுதான். துடைப்பக்கட்டையை விட்டுக் குத்தினேன், உடைந்தது. கொடிக்கம்பியை விட்டேன், வளைந்தது.

மிஸ் உள்ளே போனார். ஸ்டூல் போட்டு ஏறுகிற சத்தம், கிறிஸ்துமஸ் ஸ்டார் பெட்டி தண்ணீரில் விழுகிற சத்தம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிக்காசோடு வெளியே வந்தார். "மிஸ், அது வேண்டாம், அதைக் கெடுத்துட்டா அவங்களை மடக்க நம்மகிட்ட வேற பிடி இல்லை" என்று கத்தினேன். மழையில் அவருக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டார். ஓங்கி ஒரு போடு. கல்லில் பட்டு நெருப்புப் பறந்தது. திரும்பத் திரும்ப வெட்டினார். கடைசியில் பலகைக்கல் பிளந்து, மண் உடைந்து, தண்ணீர் கடகடவென்று உள்ளே இறங்கியது. மிஸ் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஹாலைக் கழுவி முடித்த பிறகு பிக்காசைப் பார்த்தோம். முனை ஒடிந்திருந்தது. பித்தளைப் பூண் பிளந்திருந்தது. வெள்ளி மினுமினுப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, எங்கள் நேரத்தைப் பாருங்கள், பி.ஏ. போன் செய்தார். "மேடம், திங்கட்கிழமை வேலை ஸ்டார்ட். ஜேசிபி வருது. சாரே நேர்ல வர்றாரு. அடுத்த மாசம் சாருக்குப் பெரிய பூஜை ஒண்ணு இருக்கு, பிக்காசை ரெடியா வைங்க."

மோரி வரப்போகிறது என்று துள்ளுவதா, பிக்காசு போய்விட்டதே என்று பயப்படுவதா? பட்ட பயத்தில் நான் செய்தது இதுதான். மஞ்சளைக் குழைத்து முனையில் கெட்டியாக அப்பி, இல்லாத நுனியை மஞ்சளிலேயே பிடித்து வைத்தேன். குங்குமம் வைத்தேன். பூண் தெரியாதபடி செவ்வந்திப்பூவைச் சுற்றினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மிஸ், "நூல் நல்லா டைட்டா கட்டு" என்றார்.

திங்கட்கிழமை ஜேசிபியும் வந்தது, லாரியில் சிமெண்டுக் குழாயும் வந்தது. அதை நம்ப முடியாமல் தெருவே வாசலில் நின்று போனில் படம் பிடித்தது. எம்எல்ஏ காரைவிட்டு இறங்கினார், கூடவே தூறலும் இறங்கியது. வெள்ளைச்சட்டைக்காரர் ஓடிவந்து பிக்காசைக் கண்ணில் ஒற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் கையிலேயே மஞ்சள் கரைந்து சொட்டியது. என் நுனி கழன்று அவருடைய வெள்ளை ஷூவின்மேல் விழுந்தது.

"ஏனம்மா இது? என்னா ஆச்சு இதுக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மிஸ் முன்னால் வந்தார்.

"வேலை செஞ்சுது, சார்."

அவருக்குப் புரியவில்லை. மிஸ் நிதானமாகச் சொன்னார். "நீங்க பூஜைக்குக் கொட்டின மண்ணு மோரிய அடைச்சுக்கிச்சு. தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரரால எழுந்து ஓட முடியாது. அதனால நான்தான் இதால வெட்டினேன். ஒரு நிமிஷம் உள்ள வாங்க, காட்டறேன்."

அத்தனை போனும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன, உள்ளே போகாமல் இருக்க வழியில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுத் தூறலில் நனைந்த வாசல் வழியே காலுறையோடு நடந்தார். எம்எல்ஏ குள்ளம். கல்மேல் நின்ற கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணனின் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. அண்ணன் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்துப் பேசினார்.

"என்னை... இவ்ளோ உயரத்துல... வெச்சது... நீங்கதான் சார்."

சிரிப்பதா வேண்டாமா என்று எம்எல்ஏவுக்குத் தெரியவில்லை. காலுறை நனைந்தபடி நின்றார். வெளியே வந்ததும் இன்ஜினியரைப் பிடித்துக் கன்னடத்தில் கத்த ஆரம்பித்தார். எம்எல்ஏக்களுக்கு இது ஒரு சௌகரியம், கத்துவதற்கு எப்போதும் ஒரு இன்ஜினியர் பக்கத்தில் இருப்பார். மிஸ் வகுப்பறைக் குரலில் குறுக்கே புகுந்தார்.

"அவரை நீங்க அப்புறமா கேளுங்க சார். இப்ப உங்களை நாங்க கேக்கறோம். ஜூன் மழைக்குள்ள முடியுமா?"

"ஆகுத்தே அம்..." என்று ஆரம்பித்து, போன்களைப் பார்த்து, தமிழிலேயே முடித்தார். "முடியும். ஜூனுக்குள்ள முடியும்." பிக்காசை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. மூளியான இரும்பு பூஜைக்கு ஆகாதாம்.

மோரி முடிந்தது. அதற்குள் அடுத்த தெருவில் ஒரு குத்தலி பூஜை நடந்தது. புதுப் பிக்காசு, வெள்ளைச்சட்டைக்காரர் அதைக் குழந்தையைப் போல அணைத்தபடியே நின்றார், என்னைக் கண்டதும் இன்னும் இறுக்கிக்கொண்டார். அந்தத் தெருப் பெண்கள், பிக்காசு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மிஸ்ஸிடம் யோசனை கேட்டார்கள். "மைக்கை எடுத்து வெச்சுக்கோங்க" என்றார். இவர்தான் கோயிலில் மன்னிப்புக் கேட்டவர்.

ஜூனில் நல்ல மழை ஒன்று அடித்தது. மிஸ் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீரைக் கண்காணித்தார். அது அவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் மோரிக்குள் போனது. மறுநாள் தெரு ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தூக்கிக் கல்லை எடுத்தோம். அண்ணனை விளிம்பில் உட்காரவைத்தோம். இடது பாதம் முதலில் தரையைத் தொட்டது, வலது பாதத்தை மிஸ் கையால் எடுத்துப் பதித்தார்.

"சில்லுனு... இருக்கு" என்றார் அண்ணன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிமெண்டுக் கற்களை என்ன செய்வது, குப்பை வண்டியில் போட்டுவிடலாமா என்று கேட்டேன். மிஸ் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய்த் திண்டு மாதிரி வாசலில் அடுக்கினார்.

"இருக்கட்டும். மறுபடி ஓட்டுக் கேட்டு வருவாங்க இல்ல? உட்கார வெச்சுப் பேசலாம்."