குளக்கரையில் நடந்ததை யார் சொல்வது?

கண் விழித்தபோது என் வலது உள்ளங்கையில் துருக் கறை இருந்தது. நாக்கின் ஓரம் எரிந்தது. மேலே வானம், சுற்றிலும் எட்டிப் பார்க்கும் தலைகள். உக்கடம் பெரியகுளத்துக் கரையில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தேன். என் சைக்கிளை யாரோ தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல அம்மணி, வெறும் மயக்கம். காலைல சாப்பிடாம வந்தயில்ல, அதான்" என்றார் என் அண்ணன். அவர் முகம் வெளுத்திருந்தது. நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? நடந்தபோது நான் அங்கே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அண்ணனும் நானும் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். செல்வபுரத்து வீட்டிலிருந்து குளக்கரை, பிறகு ஊருக்குள் புகுந்து ரேஸ்கோர்ஸ் மரநிழலில் ஒரு சுற்று, வ.உ.சி. பூங்கா வாசலில் கடலை, திரும்பும் வழியில் பேரூர்ப் பக்கம் நொய்யல் கரை. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லாத பயணம். "வேல வெட்டி இல்லாதவளாட்ட எதுக்குச் சுத்தறே?" என்று அம்மா கேட்பார். ஆறு நாள் வேலைக்காக மிதிப்பவளுக்கு ஏழாம் நாள் சும்மா மிதிப்பதில் என்ன சுகம் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

குடும்ப மருத்துவரிடம் என்னை அழைத்துப்போனதும் அம்மாதான், பேசியதும் அம்மாதான். "மயக்கமுங்க. ஒழுங்கா சாப்பிடறதில்லீங்க." சோகை (ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு) என்று முடிவாயிற்று. டானிக் குடித்தேன், பேரீச்சம்பழம் தின்றேன், முருங்கைக்கீரையாகத் தின்று தீர்த்தேன். இதற்கிடையில் சைக்கிள் காணாமல் போனது. சக்கரம் கோணிக்கொண்டது, கடையில் விட்டிருக்கிறது என்றார் அண்ணன். மாதங்கள் போயின. ஒரு சக்கரத்தை நிமிர்த்த இத்தனை மாதமா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

பிறகு ஒருநாள் காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். கண் திறந்தபோது அடுக்களைத் தரையில் கிடந்தேன். வலது முன்கையில் தோல் வழன்று தொங்கியது. தோசைக்கல்லின் மேலேயே விழுந்திருக்கிறேன்.

இதை எழுதும்போதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. சைக்கிளை மறைத்து வைத்தவர்களுக்கு அடுப்பை மறைக்கத் தோன்றவில்லை. அடுப்படிக்குப் போகாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பேன், ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதற்கு என் கை வெந்தாலும் பரவாயில்லை போலும்.

மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப்போட்ட மருத்துவர் எப்படி விழுந்தேன் என்று கேட்டார். பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. என்னை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் நடுத்தர வயதுக்காரர், மெதுவாகப் பேசுபவர். என்னைக் கேட்பதற்கு முன்பே உடன் வந்தவர்களைப் பார்த்தார்.

"விழுந்தப்ப பக்கத்துல யாருங்க இருந்தீங்க?"

"நாந்தானுங்க. வெறும் மயக்கமுங்க டாக்டர்" என்றார் அம்மா.

"கை, கால் வெட்டி இழுத்துச்சுங்களா?"

அம்மா என் கைக்கட்டைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "ஏனுங்கம்மா, வலிப்பு வர்ற நேரத்துல நான் கூட இருக்க முடியாது. இந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது. பாத்தவங்க சொல்றதை வெச்சுத்தான் நான் வைத்தியம் பண்ணணும். நீங்களே மறைச்சா நான் எதைப் பாக்கறதுங்க?"

கதவோரம் நின்றிருந்த அண்ணன் பேசினார். குளக்கரையில் முதலில் என் வலது கை விரல்கள் துடித்தன. பிறகு தோள், முகம். கண்கள் மேலே செருகிக்கொண்டன. தண்ணீர்ப் பக்கமாகச் சரிந்த என்னைத் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். வாயில் நுரை. யாரோ ஓடிப்போய் ஒரு துருப்பிடித்த கம்பியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். சொல்லி முடிக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவருடைய மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, என் உடம்பில் நடந்ததை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கரையில் நின்ற கூட்டத்துக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. கம்பி கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் டானிக்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்திலேயே கேட்டேன். "ஏங்ணா சொல்லல?"

"அம்மாதான் வேண்டாம்னாங்க கண்ணு. காங்கேயத்துல இருந்து உன்னைப் பொண்ணு கேட்டுட்டு இருந்தாங்கல்ல. வெளிய தெரிஞ்சா..."

"நான் வெளி ஆளுங்களா?"

அந்த நாளில் சட்டத்திலேயே வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடம் இருந்தது. என் வீட்டாரின் பயம் காற்றில் முளைத்ததல்ல என்று இப்போது தெரிகிறது. அதற்காக அவர்களை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சி.டி. ஸ்கேனில் (தலையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சோதனை) மூளையின் இடப்பக்கம் சிறு புள்ளி தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டை உணவோடு உள்ளே போய் மூளையில் தங்கி உண்டாக்கும் வீக்கம் என்றார் மருத்துவர். "நாங்க கவிச்சியே தொடறதில்லீங்க!" என்று அம்மா பதறினார். சரியாகக் கழுவாத கீரையும் போதும் என்று விளக்கினார் அவர். வீட்டு மானம் போகுமே என்று அதையும் வெளியே சொல்லக் கூடாது என்றாயிற்று.

மாத்திரை தொடங்கியது. ஈறு தடித்தது, பகலெல்லாம் தூக்கம், நடந்தால் குடித்தவள்போல் தள்ளாட்டம். அளவைக் குறைத்துக் கூட்டிச் சரிசெய்யச் சில மாதம் ஆயிற்று. காங்கேயத்துக்காரர்கள் வந்தபோது அம்மா மாத்திரைப் பாட்டிலை அரிசி டிரம்முக்குள் ஒளித்தார். மாப்பிள்ளையின் அம்மாவிடம் நானே சொன்னேன். "சொல்லி அனுப்பறமுங்க" என்று மரியாதையாக எழுந்துபோனார்கள். அதன்பின் சில வாரம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. அண்ணன் மட்டும் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார். சக்கரம் நேராகத்தான் இருந்தது.

என்னைப்போல் வலிப்போடு வாழ்கிற உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் சொல்கிறேன். கையில் இரும்பு கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள். முடிந்ததும், பார்த்ததை எல்லாம் அந்த ஆளிடமே சொல்லுங்கள். பூசி மெழுகாதீர்கள். அது அவருடைய உடம்பு.

இரண்டு ஆண்டு வலிப்பில்லாமல் இருந்தால் சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம் என்றிருந்தார் மருத்துவர். இருந்தேன். ஸ்கேனில் புள்ளியும் சுருங்கி மறைந்திருந்தது. மாத்திரையை மெல்லக் குறைக்கத் தொடங்கினார். துணையோடு, கூட்டமில்லாத வேளையில், தண்ணீரை ஒட்டி ஓட்டாமல் போகலாம் என்றார். அதுவரை எல்லாவற்றையும் அம்மாவிடமே விட்டிருந்த அப்பா வேண்டவே வேண்டாம் என்று குதித்தார். நான் கேட்கவில்லை.

அண்ணனும் நானும் பழைய வழிகளைப் புதிதாகப் பிரித்தோம். முன்பெல்லாம் எங்கே நிழல், எங்கே காற்று என்று பார்ப்போம். இப்போது விழுந்தால் எதன்மேல் விழுவேன் என்று பார்த்தோம். குளக்கரை கிடையாது. லாரி ஓடும் சாலை கிடையாது. ரேஸ்கோர்ஸ் சரி. பூங்காவைச் சுற்றிய தெருக்கள் சரி. நொய்யலுக்குத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்தடம் சரி, கரைக்குக் கொஞ்சம் முன்பே இறங்கிவிட வேண்டும். அண்ணனுக்கு ஒரே நிபந்தனை விதித்தேன். எதைப் பார்த்தாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் குளிர்காலத்து ஞாயிறுகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. காலில் பழைய பலம் இல்லை, மூச்சு வாங்கியது. ஆனாலும் மிதித்தேன்.

ஒரு காலை நொய்யலுக்குச் சற்று முன்னால் சைக்கிள்களை நிறுத்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் தன் ஆபீஸ் மேனேஜரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் என் முன்னால் மண்டியிட்டு என் தோளைப் பிடித்திருந்தார். எப்போது எழுந்தார்? பேச்சு எப்போது நின்றது? மேனேஜர் எங்கே போனார்?

அவர் உதட்டைக் கடித்தார். நன்றாகத் தெரிந்தது, ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுக்கிறார். சொன்னால் நான் நம்பியிருப்பேன். அடுத்த ஞாயிறும் ஓட்டியிருப்பேன்.

"வந்துருச்சு அம்மணி" என்றார். "சின்னதா. கூப்பிட்டேன், நீ கேக்கல. ஒரே பக்கம் பாத்துட்டே இருந்தே. வலது கை வெரலு துடிச்சுது."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கையில் கிடைத்த மண்ணாங்கட்டியை எடுத்துத் தடத்தில் அடித்தேன். மறுபடியும் முழு மாத்திரை, மறுபடியும் காத்திருப்பு. அண்ணனைத் திட்டினேன், நொய்யலைத் திட்டினேன், கழுவாத கீரையைத் திட்டினேன்.

"கோவமா கண்ணு?"

"ஆமாங்ணா."

"சொல்லாம இருந்திருக்கோணுமா?"

நான் எழுந்து சைக்கிளின் ஸ்டாண்டை எடுத்துவிட்டேன். ஏறவில்லை. வீடுவரை தள்ளிக்கொண்டே போவதென்று இருவருக்கும் சொல்லாமலே புரிந்தது.

"மேனேஜர் கதைல எந்த எடத்துல நான் கேக்கறதை நிறுத்துனேன்?" என்று கேட்டேன். "அங்கிருந்து சொல்லுங்ணா. ஒண்ணும் விடாம சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். என் கோபம் அடங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, நான் வாழாமல் விட்ட அந்தச் சிறிது நேரத்தை ஒவ்வொரு நொடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தேன்.