கொடி அறுத்த வழக்கு

உரும்பிராய்ச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வெயில் தணிந்த நேரம். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் என்னை உரசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் இருந்தவன் என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. கொடி அறுந்து அவனோடு போக, நான் சைக்கிளோடு விழுந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதியவர் முதலில் என் கழுத்தில் கொடி வெட்டிய காயத்தைத்தான் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாமல் எடுத்தால் களவு. காயப்படுத்தியோ வெருட்டியோ பறிச்சால் அது கொள்ளை. தண்டனை கூட. உடனை ஆஸ்பத்திரிக்குப் போய் இந்தக் காயத்தைக் காட்டுங்கோ."

என் கணவர் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. கொடியையும் கழற்றவில்லை. மணவறையில் அதைப் பூட்டும்போது அவர் "நோகுதோ?" என்று காதுக்குள் கேட்டார். அவர் என்னுடன் கதைத்த முதல் சொல் அதுதான்.

கொடி போன பிறகும் சமைக்கும்போது அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட என் கை போகும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சொன்னா: "அது போனதும் ஒரு கணக்குக்கு நல்லதுதான் பிள்ளை. இனியெண்டாலும் மனசை ஆத்து." நான் எழும்பி உள்ளே போய்விட்டேன்.

சில மாதங்களில் பறித்தவன் கொடியோடு பிடிபட்டான். எடுத்ததை அவனால் மறுக்க முடியவில்லை. ஆனால் வழக்கில் அவனுடைய சட்டத்தரணி கொள்ளையைக் களவாக்கப் பார்த்தார்.

"கொடி சைக்கிள் கூடையில், பைக்குள்தானே இருந்தது? விழுந்ததில் வந்த காயம்தானே இது?"

"இல்லை ஐயா. என்ரை கழுத்திலை இருந்தது."

"கணவர் காணாமல் போய் இவ்வளவு காலம். இன்னும் கழுத்தில் போட்டிருந்தேன் என்கிறீர்களா?"

"ஓம். ஒருநாளும் கழட்டேல்லை."

"ஏன்?"

"அவர் வரேக்கை நான் வெறுங்கழுத்தோடை நிக்கக்கூடாது."

நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சாட்சிக் கூட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் என்னிடம் நேரே கேட்டதில்லை. நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வைத்திய அறிக்கையில் கழுத்தைச் சுற்றிய காயம் எழுதப்பட்டிருந்தது. அது கொள்ளைதான் என்று தீர்ப்பாகி, அவனை மறியலில் அடைத்தார்கள். அவனுடைய தாயாக இருக்கவேண்டும், ஒரு பெண் நீதிமன்ற வாசலில் அழுதுகொண்டிருந்தா. எனக்குச் சந்தோசம் வரவில்லை.

வழக்கு முடிந்து கொடி கைக்கு வந்ததும் நகைக்கடைக்குக் கொண்டுபோனேன்.

"உருக்கிப் புதுசாய்ச் செய்வமோ அம்மா?"

"வேண்டாம். ஒட்டித் தந்தால் காணும்."

கடைக்காரர் நசிந்த கண்ணிகளை எடுத்துவிட்டு ஒட்டித் தந்தார். இப்போது தாலி முன்பைவிடச் சற்று மேலே ஏறி நிற்கிறது. அவர் வந்தால் அதைத்தான் முதலில் கவனிப்பார்.