தேருக்கு முன்னால் பாடும் உரிமை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் பாடிப் போகிற உரிமை இராஜபாளையத்து எங்கள் பஜனைக் குழுவுக்கு உண்டு. அதில் பங்கு கேட்டு இன்னொரு குழு வம்பு பண்ணிய வருஷம் அது. செயலாளர் நான். குழுவின் ரப்பர் சீல் என் வீட்டுச் சாமி அலமாரியில்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். சர்ச் சிஸ்டர், பள்ளிவாசல் ஜமாத்தில் இருக்கும் பலசரக்குக் கடை பாய், பக்கத்துத் தேவதானம் ஊர்ப் பெண் ஒருத்தி.

"உரிமை விஷயமா உங்க குழு கையெழுத்து வேணும்" என்றார் சிஸ்டர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அவிய உங்களையும் புடிச்சிட்டாகளா? தேர்ல வர்ற தாயார் குடுத்த உரிமை. உசிரு போனாலும் விடமாட்டோம்."

பாய் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, உங்க பாட்டை வாங்கி நான் என்ன செய்ய? எனக்குத் தாளமே வராது. இது மனுச உரிமை."

நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் தங்கச்சி மில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். போய்ப் பார்க்கத் தங்கச்சியை விடமாட்டேன் என்கிறார்களாம். விடுதிப் பிள்ளைகளை லீவு நாளில் வெளியே விடணும் என்று கலெக்டருக்கு மனு.

"உலகம் பூரா இதுக்காக எல்லா மதத்து ஆளுகளும் சேர்ந்து நிக்காங்க" என்றார் சிஸ்டர். "சர்ச் சீல், ஜமாத் சீல் இருக்கு. உங்க சீலும் விழுந்தா ஒதுக்கித் தள்ள முடியாது."

குழுவில் கேட்டேன். "என்னய்யா, அந்த மில் வேன்லதான நாம தேருக்கே போறோம்? சாமி பாட்டுப் பாடுறவங்களுக்கு இது எதுக்கு?" என்றார் தலைவர். சீல் போட வேண்டாம் என்று முடிவானது. நானும் தலையாட்டினேன்.

தேரன்றைக்கு அந்த வேனில்தான் போனோம். 'உரிமைப்பட்ட பஜனைக் குழு' என்று மைக்கில் எங்களைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தாயார் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் சிஸ்டரிடம் போய் மனுவில் என் பேரை மட்டும் போட்டேன். அந்தப் பெண்ணும் அங்கே இருந்தாள். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சீலு எங்கய்யா?"

எடுத்துவர எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாவை எரித்த பொறவுதான் தங்கச்சியை விட்டார்கள். சீல் இன்னும் அலமாரியில்தான் இருக்கு. விளக்கேத்தும்போதெல்லாம் கண்ணில் படுது.