தாழ்ப்பாள் இல்லாத கதவு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்த தாத்தா வீட்டுக்கு விடுமுறைக்குப் போனேன். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவருக்கு ஒரே ஒரு காம்பரா, அந்த ஓர் அறைதான் மொத்த வீடும். தண்ணீருக்கு, மலையிலிருந்து நீர் கொட்டும் பீலிக்குப் போகவேண்டும். லயத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். ஹட்டனில் குழாய் வைத்த வீட்டில் வளர்ந்த எனக்கு அங்கே போகவே கூசியது.

நான் போகும்போதெல்லாம் அடுத்த காம்பரா முத்தம்மா பின்னாலேயே வந்தாள். நான் வெளியே வரும்வரை சற்றுத் தள்ளி நிற்பாள், ஒன்றும் பேசமாட்டாள். என் தங்கத் தோட்டைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தாத்தாவிடம் சொன்னேன்.

"எம் பேத்தி பின்னாடி ஏன் சுத்துற? தோட்டு மேல கண்ணா?" லயமே கேட்கும்படி தாத்தா சத்தம் போட்டார்.

முத்தம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "இனிமே போகலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை தனியாகப் போனேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வாளியோடு நின்ற ஓர் ஆள் பதறித் திரும்பிப் போனார். கூனிக் குறுகி எழுந்து கதவைப் பார்த்தேன். இத்தனை நாளும் நான் வெறுமனே சாத்திவிட்டு உட்கார்ந்த அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. மூன்று நாளும் ஏன் யாரும் அதைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் முத்தம்மாவின் வாசலில் போய் நின்றேன். "அத்தை, கூட வர்றீங்களா?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "வா, போவோம்" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை என்று பிறகு தாத்தாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார், அவ்வளவுதான். லயமே கேட்கும்படி அதை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.