கறுப்புச் சுவர் தாங்கிய சுனை

சாரின் சுத்தியல் ஒரு பக்கம் சதுரமாகவும் மறுபக்கம் கிளிமூக்கு மாதிரியும் இருக்கும். சமையலறை ஜன்னலோரம்தான் மாட்டி வைத்திருப்பார். கல்லூரியில் மண்ணையும் பாறையையும் பற்றிப் பாடம் சொன்னவர். அல்சூரில் அவர் வீட்டில் பத்தொன்பது வருஷம் சமைத்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் போர்டு படிப்பேன், மெல்ல எழுதுவேன். இதை எழுதவே மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் என் சாம்பாரை ஒருவரும் குறை சொன்னதில்லை. வேலைக்காரியை 'நீங்க' என்று கூப்பிட்ட மனுஷர் அவர். அதனாலேயே நம்பிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

என் அக்காவைக் கனகபுரா தாண்டி ஒரு மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஊருக்கு மேலே பாறைச் சரிவில் ஒரு சுனை. கோடையில் கீழே கிணறெல்லாம் வாய் பிளந்து கிடக்கும்போதும் சுனையில் ஒரு விரற்கடை குறையாது. நான் ஒருநாள் பெருமையாக அதைச் சொல்லப்போக, "எப்படிம்மா வத்தாம இருக்கும்? எனக்குக் காட்டுங்களேன்" என்றார் சார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாளை யார் சுனைக்குக் கூட்டிவருகிறார்களோ, அவர்தான் தண்ணீரை அள்ளி அந்த ஆளின் கையில் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால், இந்த ஆள் செய்யும் நல்லது கெட்டதுக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம்.

சார் மலையேறிப் பாறையைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். "ஏன்க்கா, கல்லுக்கு ஊசி போட வந்த டாக்டரா இவரு?" என்றாள் ஒருத்தி. சாரும் சிரித்துவிட்டு, சாம்பல் நிறப் பாறையின் குறுக்கே சேலைக் கரை மாதிரி ஓடிய கறுப்புக் கல்லைக் காட்டினார்.

"கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி, அழுத்தம் தாங்காம இந்த மலை பிளந்திருக்கும்மா. அடியிலேர்ந்து உருகின கல்லு குழம்பாட்டம் அந்தப் பிளவுல ஏறி, ஆறி, சுவரா நின்னுடுச்சு. மேல பெய்யற மழை சின்னச் சின்ன விரிசல்ல ஊறி எறங்கி வருது. இந்தச் சுவர்ல வந்து முட்டுது. தாண்டிப் போக வழியில்லாம மேல வந்து சுனையா நிக்குது."

"இந்தக் கறுப்புக் கல்லை எடுத்துட்டா சார்?"

"அவ்வளவுதான். பானையை உடைச்ச மாதிரி."

பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லாததை அவர் ஐந்து நிமிஷத்தில் புரியவைத்தார். நான் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர் கையில் ஊற்றினேன். கண்ணை மூடிக் குடித்தார்.

பிறகு அவர் ஓய்வுபெற்றார். முட்டிவலி வந்து நானும் ஜோகுபாளையத்தில் மகன் வீட்டோடு இருந்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் கறுப்புக் கல்லைத் தேடிக் குவாரிக்காரர்கள் வந்தார்கள். மெருகு போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற கல்லாம். ஊரார் வக்கீலைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான்தான் தடுத்தேன். "வக்கீல் எதுக்கு? நம்ம சார் இருக்காரு. அவர் சொன்னா கவர்மென்ட்டே கேக்கும்." என் பேச்சை நம்பி உட்கார்ந்துவிட்டார்கள். சாருக்குப் போன் செய்தேன். "பாத்துக்கலாம்மா" என்றார்.

குவாரிக்கு அனுமதி கொடுப்பது பற்றி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன். அதிகாரி ஒரு ரிப்போர்ட்டைக் கன்னடத்தில் வாசித்தார். கல்லை வெட்டினால் சுனைக்குப் பாதிப்பில்லை, அந்தக் கல்லுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்று இருந்தது. கடைசியில், எழுதிக் கொடுத்தவர் பெயரை வாசித்தார். சாரின் பெயர். பெண்கள் அத்தனைபேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதிகாரியை ஒருத்தியும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்கம்மா, காபி சாப்பிடறீங்களா?" என்றார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு மலையில என்ன சார் சொன்னீங்க?"

"அது பேச்சுவாக்குல சொன்னதும்மா. ரிப்போர்ட்னா ஆதாரம் வேணும். தோண்டிப் பாக்காம எதையும் நிச்சயமா சொல்ல முடியாது."

"அப்ப சம்பந்தம் இல்லேன்னு மட்டும் எப்படி சார் நிச்சயமா எழுதினீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"புரியவெச்சதே நீங்கதானே சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். யாரிடம் என்ன வாங்கினார், எதற்குப் பயந்தார், நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது.

கல்லை அறுத்தார்கள். அடுத்த கோடையில் சுனை இடுப்பளவுக்கு இறங்கியது. அதற்கடுத்த கோடையில் அடிப்பாசி காய்ந்து அப்பளமாக உரிந்தது. இப்போது ஊருக்கு வாரம் இருமுறை டேங்கர் வருகிறது.

போன மாசம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. யாராவது ஒருத்தி வாய்விட்டுத் திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று மனசைத் தயார்செய்துகொண்டு போனேன். ஒருத்தியும் திட்டவில்லை. பந்தியில் எல்லார் இலைக்கும் பக்கத்தில் டம்ளரில் டேங்கர் தண்ணீர். என் இலைக்குப் பக்கத்தில் மட்டும் கடையில் வாங்கிய பாட்டில், சீல் பிரிக்காமல்.

"எனக்கு எதுக்குக்கா இது?" என்றேன்.

அக்கா அடுத்த இலைக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "வெளியாளுங்களுக்கு எங்க ஊருத் தண்ணி ஒத்துக்காது."