படிக்கத் தெரிந்த இருவர்

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் நிற்கிறேன். எந்த நாட்டில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்ற பட்டியலைப் போனில் பார்க்கிறேன். உடன் வந்திருக்கும் நார்வே நண்பரின் நாடு உச்சியில் இருக்கிறது. நம் நாட்டைக் கண்டுபிடிக்க விரல் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கிறது.

இருவரும் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. இங்கேயே தங்கித் தமிழ் எழுத்துகளைக் கற்றவர் நண்பர். வந்து நிற்கும் பஸ்ஸின் போர்டை எழுத்துக்கூட்டி, "கீழ்பென்னாத்தூர்!" என்கிறார் பெருமையாக. சரியாகத்தான் படிக்கிறார். ஏறி உட்காருகிறோம்.

வேர்க்கடலை விற்கும் அக்கா ஜன்னலருகே வருகிறார்.

"எங்க போறீங்க?"

"கீழ்பென்னாத்தூர்."

"ஐயோ, இது போளூர் போற வண்டிங்க. கீழ்பென்னாத்தூர்லருந்து இப்பதான் வந்துச்சு, போர்ட இன்னும் மாத்தல. சீக்கிரம் எறங்குங்க!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிரைவர் மூஞ்சப் பாத்தா தெரியாதா? எனக்கு என்னா, படிக்கவா தெரியும்?"

குதித்து இறங்குகிறோம். அடுத்த பஸ் வருகிறது. நண்பர் போர்டை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, நானும்தான். இருவரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.